வன்னியில் ஓர் ஆர்கெஸ்ட்ரா பருவம்: 33 பேர், மூன்று கச்சேரி. எதை, எப்போது, எப்படி?

#1 கனகராயன்

வணக்கம். கிளிநொச்சியை மையமாக வைத்து அடுத்த ஆண்டுக்கு மூன்று கச்சேரிகள் கொண்ட ஒரு பருவத்தைத் திட்டமிடுகிறோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று ஊருக்கு ஒன்று. மூன்றுக்கும் ஒரே இசை நடத்துனர்.

ஆள் கணக்கு: வயலின் 12 (இதில் 8 பேர் கர்நாடக முறையில் படித்தவர்கள்), வயோலா 3, செல்லோ 4, டபுள் பேஸ் 1, புளூட் 2, கிளாரினெற் 2, அல்ரோ சக்ஸபோன் 2, ற்றம்பெற் 2, ற்றொம்போன் 1, யுபோனியம் 1, தாளம் 2, கீபோட் 1. மொத்தம் 33. ஓபோ, பசூன், ஹோர்ன் (மூன்றும் ஊதும் வாத்தியங்கள்), ரிம்பனி (சுருதி சேர்க்கும் பெரிய முரசு) இல்லை.

நடத்துனரின் விருப்பப் பட்டியலில் பீதோவனின் 5ஆம் சிம்பொனியும் ஹைடனின் 45ஆம் சிம்பொனியும் (அந்த 'பிரியாவிடை') இருக்கின்றன. இவை சரிவருமா? வராது என்றால் பதிலுக்கு என்ன? மண்டபம், இசைப் பிரதி, ஒத்திகை பற்றியும் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 வெண்கோல்

பட்டியலை மூடி வைச்சிட்டு முதல்ல கலண்டரை எடுங்கோ. வன்னியில பருவத்தைத் தீர்மானிக்கிறது மழையும் வயலும் பள்ளிக்கூடமும்தான்.

ஒக்ரோபரில இருந்து ஜனவரி வரை வாடை மழை. தகரக் கூரைக்குக் கீழ மழை பெய்தால் நடத்துனர் கத்தினாலும் முதல் வரிசைக்கே கேக்காது. அந்த மாசங்களில முழுக்குழு ஒத்திகை வைக்காதேங்கோ. சின்ன வகுப்பறையில பிரிவுப் பயிற்சி மட்டும்.

ஜனவரி நடுவில இருந்து மார்ச் வரை பள்ளிக்கூடங்களில இல்ல மெய்வல்லுநர் போட்டி. பள்ளிக்கூட பாண்ட் பிள்ளையள் எல்லாரும் மைதானத்தில மார்ச் பாஸ்டுக்கு நிப்பினம். ற்றம்பெற், யுபோனியம், ற்றொம்போன் ஒண்டும் உங்களுக்குக் கிடைக்காது. காலபோக நெல் வெட்டும் அதே நேரம். ஆகவே முதல் கச்சேரி மார்ச் முதல் ஞாயிறு மட்டில, தந்தி வாத்தியம் மட்டும். பித்தளையை இழுத்துப் பிடிச்சு அரைகுறையா வைக்கிறதை விட இது நல்லது.

ஏப்ரல் புதுவருசம், கடும் வெக்கை. மே 18 வாரத்தில ஒண்டும் இல்லை, அதுக்கு விளக்கம் தேவையில்லை. வைகாசியில வற்றாப்பளைப் பொங்கல், ஜூலை 2 மடுத் திருவிழா. ரெண்டாவது கச்சேரி ஜூலை நடுப்பகுதி. ஓகஸ்ற் 15 திரும்பவும் மடு. மூண்டாவது செப்ரெம்பர் மூண்டாம் வாரம், மழைக்கு முந்தி. பொதுப் பரீட்சைத் திகதியள் இப்ப வருசத்துக்கு வருசம் மாறுது, அதை அறிவிச்ச பிறகுதான் மண்டபத்துக்குக் காசு கட்டுங்கோ.

பீதோவன் 5 இந்த வருசம் வேண்டாம். அதுக்கு ரெண்டு ஓபோ, ரெண்டு பசூன், ரெண்டு ஹோர்ன், ரிம்பனி வேணும். கடைசிப் பகுதியில பிக்கொலோ, கொன்ரா பசூன், மூண்டு ற்றொம்போன் கூடச் சேரும். அதையெல்லாம் சமாளிச்சாலும் முதல் பாரில (தாளக் கட்டத்தில) ஒரு பொறி கிடக்கு. 2/4 தாளம், ஆனால் முதல் அரைத்தட்டு வெறுமை. "ட-ட-ட-டாம்" எண்ட மூண்டு சின்னச் சுரமும் அந்த வெறுமைக்குப் பிறகுதான். நடத்துனர் குடுக்கிற ஒரே ஒரு தட்டில 33 பேரும் வேகத்தையும் பிடிக்கவேணும், வெறுமையையும் விடவேணும். புதுக்குழு நாலு துண்டாச் சிதறும்.

சின்ன விசயம் ஒண்டு: நிகழ்ச்சி நிரலில வெறுமனே 'நடத்துனர்' எண்டு போடாதேங்கோ. யாழ்ப்பாணம் பஸ்ஸில வாறவர் எண்டு நினைப்பினம். 'இசை நடத்துனர்' எண்டு போடுங்கோ.

#3 பாண்ட்மாஸ்ரர்

மேல சொன்னதோட ஒத்துப்போறன். ஆனால் உங்கட குழுவுக்குள்ள பெரிய சண்டை 'கீ'யிலதான் (எந்தச் சுரத்தை ஆதாரமா வைச்சு வாசிக்கிறது எண்டதில) வரப்போகுது, அதை ஒருத்தரும் இன்னும் தொடேல்ல.

வயலினுக்கு வசதி ஜி, டி, ஏ. திறந்த தந்தி அதில விழும். பாண்ட் வாத்தியத்துக்கு வசதி பி பிளாற், ஈ பிளாற், எஃப். ரெண்டு பகுதியும் தங்கட ஊரில நல்லா வாசிப்பினம், நடுவில சந்திக்க மாட்டினம்.

ஒரு உதாரணம். ஹாண்டெலின் பட்டாசு இசை (1749) டி மேஜரில கிடக்கு. பி பிளாற், ஈ பிளாற் வாத்தியங்கள் எழுதின சுரத்தை விடக் கீழ ஒலிக்கும், அதால அவைக்கு மேல எழுதவேணும். பட்டாசு இசையை அப்பிடியே எடுத்தால் பி பிளாற் கிளாரினெற்றும் ற்றம்பெற்றும் ஈ மேஜரில, நாலு ஷாப்போட (ஷாப் சுரத்தை அரைச்சுரம் ஏத்திற குறி, பிளாற் இறக்கிற குறி) வாசிக்கவேணும். ஈ பிளாற் அல்ரோ சக்ஸபோன் பி மேஜரில, அஞ்சு ஷாப். பிள்ளையள் விரலைத் தேடுறதுக்கிடையில பட்டாசு நூந்திடும். அதையே சி மேஜருக்கு இறக்கினால் பி பிளாற்காரருக்கு டி (2 ஷாப்), அல்ரோவுக்கு ஏ (3 ஷாப்). எஃப் மேஜரில வைச்சால் இன்னும் சுகம்: பி பிளாற்காரருக்கு ஜி (1 ஷாப்), அல்ரோவுக்கு டி (2 ஷாப்), வயலினுக்கு ஒரேயொரு பிளாற். ஆனால் டியில இருந்து எஃபுக்கு ஏத்தினால் ற்றம்பெற் உச்சத்தில போய் இறுகும். அதால இதுக்குச் சி.

பொதுவா எல்லாரும் சேர்ந்து வாசிக்கிற உருப்படியளை எஃப், சி, ஜி மூண்டுக்குள்ள வைச்சிருங்கோ. நாலு ஷாப் தாண்டினது எதுவும் முதல் பருவத்துக்கு வேண்டாம். 'பிரியாவிடை' எஃப் ஷாப் மைனர். முடிவு எஃப் ஷாப் மேஜர், ஆறு ஷாப். நான் இதோட நிப்பாட்டுறன்.

#4 பாலைப்பழம்

அண்ணையாக்கள், ஒரு கேள்வி. இளையராஜா 2025 மார்ச் 8 லண்டனில தன்ர 'வேலியன்ற்' சிம்பொனியை அரங்கேற்றினாரே, அதில ஒரு பகுதியை எடுத்து வாசிக்க ஏலாதோ? சனம் அள்ளுப்பட்டு வரும்.

#5 பிரதிக்காரன்

தம்பி, அனுமதியும் எழுதிய பிரதியும் இல்லாமல் முடியாது. ஒலிப்பதிவைக் கேட்டு 33 பேருக்கு எழுதி மேடையேற்றினால் அது உரிமை மீறல். அத்தோடு முழு அளவுக் குழுவுக்கு எழுதிய ஒன்று 20 தந்தி வாத்தியத்தில் மெலிந்துபோகும்.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி படைத்தவர் இறந்து 70 ஆண்டுவரை உரிமை இருக்கும். ஹைடன், மொசாற், ஹாண்டெல் பற்றிக் கேள்வியே இல்லை. ஹோல்ஸ்ற், எல்கர் இருவரும் 1934இல் இறந்தவர்கள், எடுக்கலாம். பிரிற்றன் 1976, ஷொஸ்ரகோவிச் 1975, இருவரையும் தொட வேண்டாம். பழைய இசை என்றாலும் அண்மையில் யாரோ செய்த பதிப்புக்கும் தழுவலுக்கும் தனி உரிமை உண்டு. பாடசாலைக் குழுக்களுக்கு என்று எளிமையாக்கி விற்கிற பிரதிகள் எல்லாம் அந்த வகை.

உரிமை தீர்ந்தவற்றின் பழைய பதிப்புகள் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் கிடக்கின்றன. இறக்கியவுடன் போட்டோக்கொப்பிக் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் இரண்டைப் பாருங்கள். நடத்துனரின் முழுப்பிரதியும் வாத்தியப் பிரதிகளும் ஒரே பதிப்பா? பார் இலக்கம் இருக்கிறதா? பழைய பதிப்புகள் பலவற்றில் இலக்கம் இல்லை. நடத்துனர் "47இலிருந்து" என்பார், வயோலா வேறெங்கோ தேடும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பென்சிலால் இலக்கம் இடுங்கள், திரும்ப வாசிக்கும் இடங்களை எப்படி எண்ணுவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். 20 நிமிட இசைக்கு ஒருவர் உட்கார்ந்தால் ஓர் இரவு வேலை. அதைச் செய்யாவிட்டால் ஒவ்வோர் ஒத்திகையிலும் பத்து நிமிடம் போகும்.

#6 இரண்டாம்வயலின்

12 வயலினில 8 பேர் கர்நாடக முறை எண்டதுதான் இந்தப் பருவத்தின்ர மையம். அதைக் குறையாப் பாக்காதேங்கோ. அவையின்ர காது பெரும்பாலும் மற்றவையை விடச் சுத்தம். ஆனால் மாத்தவேண்டியது எது எண்டு தெளிவா இருக்கவேணும்.

சுருதி: அவையின்ர தந்தி ஸ-ப-ஸ-ப. நடுவில ப-ஸ இடைவெளி வேற. இங்க ஜி-டி-ஏ-ஈ, நாலுக்கும் இடையில ஒரே 'ஸ-ப' தூரம். ஒரு தந்தியில படிச்ச விரல் வரிசை மற்ற மூண்டிலயும் அப்பிடியே செல்லும் எண்டு சொன்னால் ஒரு மணித்தியாலத்தில பிடிச்சிடுவினம். தளர்ந்த இழுவையில கனகாலம் கிடந்த முதல் தந்தியை ஈ வரைக்கும் முறுக்கேக்க அறும். புது ஈ தந்தி எல்லாருக்கும் போட்டு, மேலதிகமா நாலு கையில வைச்சிருங்கோ.

இருக்கை: நிலத்தில சப்பாணி கட்டி, வயலின் தலையைக் கணுக்காலில ஊண்டி வாசிச்ச கைக்குக் கதிரை எண்டால் வயலினைத் தாங்கவே பலம் போயிடும். தோள் தாங்கி இல்லாட்டி பாத்திரம் கழுவுற புது ஸ்பொஞ்சை றப்பர் வளையத்தால பின்பக்கம் கட்டுங்கோ. அதோட விரலில எண்ணெய் தடவுற பழக்கம் நிக்கவேணும். எண்ணெய் தந்திக்கும், அங்க இருந்து வில்மயிருக்கும் போனால் ரொசின் பிடிக்காது, வில் வழுக்கும்.

கமகம்: ஒராள் இழைச்சால் அழகு. ஆறுபேர் ஒண்டா இழைச்சால் ஆறு வேகத்தில இழையும், சுரம் கலங்கும். "விரலைத் தூக்கி வை, இழுக்காதை" எண்டு பிரதியிலயே குறியுங்கோ.

எல்லாத்திலயும் கஸ்ரமானது கடைசி. பக்கவாத்தியக்காரர் பாட்டுக்காரரைக் கேட்டு ஒரு கணம் பிந்தித் தொடர்ந்து பழகினவை. அது அவையின்ர கலை. ஆர்கெஸ்ட்ராவில அதே பழக்கம் பின்வரிசையைப் பிந்த வைக்கும். பக்கத்து ஆள் தொடங்கின சத்தம் காதில விழுந்த பிறகு தொடங்கினால் பிந்தியாச்சு. முதல் வயலின் தலைவரின்ர வில்லைக் கண்ணால பாக்கவேணும், நடத்துனர் கையை உயர்த்தி மேல்தட்டுக் குடுக்கேக்க எல்லாரும் சேர்ந்து மூச்செடுக்கவேணும். மூச்செடுக்கிறது சத்தமாக் கேட்டாலும் பறவாயில்லை, முதல் ஆறு கிழமைக்கு அதுதான் மருந்து.

மேலைத்தேய முறை தெரிஞ்ச 4 பேரையும் முன்வரிசையில குவிக்காதேங்கோ. ஒரு ஸ்ராண்டை (பிரதித் தாங்கியை)ப் பாத்து வாசிக்கிற ரெண்டு பேர்தான் ஒரு 'மேசை'. முதல் வயலின் முன் மேசைக்கு ஒராள், பின் மேசைக்கு ஒராள். ரெண்டாம் வயலினுக்கும் அதே மாதிரி. பின் மேசை உறுதியா இருந்தால் நடுவில இருக்கிறவை தானா நேராவினம்.

#7 கனகராயன்

நன்றி, இது பெரிய உதவி. இல்லாத வாத்தியங்களுக்குப் பதில் என்ன? எல்லாவற்றையும் கீபோட்டில் வாசிக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார்.

#8 பாண்ட்மாஸ்ரர்

கீபோட்டில ஓபோச் சத்தம் வைச்சால் கலியாண வீட்டுக் கசெற் மாதிரிக் கேக்கும். கையில இருக்கிறதைப் பாவியுங்கோ.

ஓபோவுக்குக் கிளாரினெற். ஓபோ பிரதி எழுதினபடி ஒலிக்கும், பி பிளாற் கிளாரினெற்றுக்கு அதை ஒரு முழுச்சுரம் மேல எழுதிக் குடுக்கவேணும். புளூட்டிலயும் போடலாம், ஆனால் சாதாரண புளூட் நடு சிக்குக் கீழ போகாது, ஓபோ அதுக்கும் ஒரு முழுச்சுரம் கீழ போகும். கீழ தொங்குற இடங்களைப் பாத்துக் கொள்ளுங்கோ.

ஹோர்னுக்கு அல்ரோ சக்ஸபோன். எஃப் ஹோர்ன் பிரதியை ஒரு முழுச்சுரம் மேல எழுதினால் அல்ரோவுக்குச் சரி. ஹைடன், மொசாற் காலத்து ஹோர்ன் பிரதியள் எப்பவும் எஃபில இருக்காது. ஜி, டி, ஈ பிளாற் எண்டு உருப்படிக்கு உருப்படி மாறும். பக்கத்தின்ர தலையில 'இன் ஜி' மாதிரி ஒரு எழுத்து இருக்கும், அதைப் பாத்துத்தான் கணக்குப் போடவேணும். சக்ஸபோன்காரருக்கு ஒரே கட்டளை: வழக்கமான சத்தத்தில பாதி. ஹோர்ன் பின்னணி நிறம், முன்னுக்கு வரக்கூடாது.

பசூனுக்கு யுபோனியம். பாஸ் கிளெவ் (கீழ்ச் சுரங்களை எழுதிற முறை) வாசிக்கிற பிள்ளை எண்டால் பசூன் பிரதியை அப்பிடியே குடுக்கலாம். பாண்டில ற்றெபிள் கிளெவ் (மேல்ச் சுரங்களை எழுதிற முறை) படிச்ச பிள்ளை எண்டால் ஒரு ஸ்தாயியும் ஒரு முழுச்சுரமும் மேல எழுதவேணும். ஓடுற பகுதியளை ஒரு செல்லோவுக்குப் பிரிச்சுக் குடுங்கோ, யுபோனியத்தில ஓட்டம் சேறாகும்.

ரிம்பனிக்கு: பாண்ட் பாஸ் ட்றம்மில பாதித் தோலை மடிச்ச துவாயால மூடி, கம்பளி சுத்தின தடி. சுருதி வராது, இடி வரும். தவில் வைக்கலாமோ எண்டு ஒராள் கட்டாயம் கேப்பார். தவில் தனக்கெண்டு எழுதின உருப்படியில வரட்டும். ஹைடனுக்குள்ள அது எல்லாரையும் விழுங்கும்.

#9 வெண்கோல்

இனி நிரல். மூண்டு கச்சேரிக்கும் மூண்டு புதுப் பட்டியல் போடாதேங்கோ. முந்தினதில ஒரு பகுதியை அடுத்ததுக்குக் கொண்டு போங்கோ.

மார்ச், தந்தி மட்டும்: பாகெல்பெலின்ர கனன், மொசாற்றின்ர 'ஐன கிளைன நாஹ்ற்மூசிக்' (1787) முதலாவதும் மூண்டாவதும், ஹோல்ஸ்ற்றின்ர 'சென் போல்ஸ் சூற்'. கடைசியா சொன்னதை அவர் லண்டனில தான் படிப்பிச்ச பெண்கள் பாடசாலைக் குழுவுக்கே எழுதினவர், பிள்ளையளின்ர கைக்கு அடங்கும், ஆனால் முதல் பகுதியான 'ஜிக்'கில (துள்ளல் நடனத்தில) தாளம் மாறி மாறி வரும், அங்க நேரம் செலவழிக்கவேணும். கனனில செல்லோவுக்கு எட்டே எட்டுச் சுரம், அதையே 28 தரம். செல்லோப் பிள்ளையள் சலிப்பினம். அவையிட்டச் சொல்லுங்கோ, முழுக்குழுவும் சுருதி பாக்கிறது அந்த எட்டில நிண்டுதான் எண்டு.

ஜூலை: சென் போல்ஸ் சூற் திரும்ப. புதுசா ஹாண்டெல் பட்டாசு இசையில மூண்டு பகுதி (சியில), அதோட சென்-சோன்சின்ர 'விலங்குகளின் திருவிழா'வில (1886) யானையும் அன்னமும். யானை டபுள் பேஸும் பியானோவும் மட்டும். உங்களிட்ட ஒரு பேஸ் இருக்கு, கீபோட் இருக்கு. முல்லைத்தீவுச் சனத்துக்கு யானையை அறிமுகம் செய்யத் தேவையில்லை. அன்னத்துக்கு மூலத்தில ரெண்டு பியானோ, ஒரு கீபோட்டுக்கு அடக்கி எழுதலாம்.

செப்ரெம்பர்: பட்டாசு இசை திரும்ப, புதுசா ஹைடன் 94, 'வியப்பு' (லண்டன், 1792), ரெண்டாவது, மூண்டாவது பகுதி. ரெண்டாவது சி மேஜர். மாஸ்ரர் சந்தோசப்படுவார்.

ஒத்திகைக் கணக்கு: இந்தத் தரத்துக்கு ஒரு நிமிச இசைக்கு 20 நிமிச வேலை. 35 நிமிச நிரல் எண்டால் 700 நிமிசம். ரெண்டு மணித்தியால ஒத்திகையில இடைவேளை 15 போனால் 105. ஏழு ஒத்திகை. எட்டு வையுங்கோ, ஒண்டு மழைக்குப் போகும். அதுக்கு முந்தி பிரிவுப் பயிற்சி நாலு. பித்தளை சேர்ந்த பிறகு, அவை வாசிக்காத உருப்படியை முதல் 50 நிமிசத்தில முடிச்சு, அவையை இடைவேளைக்கு வரச் சொல்லுங்கோ. சும்மா இருக்கிற ற்றம்பெற்காரன்தான் ஒத்திகையைக் குழப்பிறவன்.

#10 தேக்கங்காடு

மேடை பற்றி.

பாடசாலை மேடை கிட்டத்தட்ட 6 மீற்றருக்கு 4, அதாவது 24 சதுர மீற்றர். வில் அசைய, ஸ்ராண்ட் வைக்க ஆளுக்கு ஒண்டரைச் சதுர மீற்றர் எண்டாலும் 33 பேருக்கு 50 வேணும். மேடையை மறந்திடுங்கோ. மண்டபத் தரையில அரைவட்டமா இருத்தி, சனத்தை மூண்டு பக்கமும் வையுங்கோ. நடத்துனருக்கு 20 செ.மீ. உயரப் பலகை போதும், ஆனால் ஆடக்கூடாது.

கதிரை: வாடகைக்கு வாறது கைபிடி வைச்ச பிளாஸ்ரிக். அதில வயலின்காரரின்ர வலது முழங்கை இடிக்கும், செல்லோவை முன்னுக்கு வைக்கவே ஏலாது. வகுப்பறை மரக்கதிரை எடுங்கோ, காலுக்குக் கீழ சைக்கிள் ரியூப் துண்டு ஒட்டுங்கோ. இல்லாட்டி ஒவ்வொரு மெதுவான இடத்திலயும் ஒரு கிறீச்.

ஸ்ராண்ட் கணக்கு: தந்தி வாத்தியம் ரெண்டு பேருக்கு ஒண்டு, 3+3+2+2+1 = 11. ஊதிறவை ஆளுக்கொண்டு, 10. தாளம் 1, கீபோட் 1, நடத்துனர் 1. மொத்தம் 24, கைக்காவலா 2. ஜூலையில சோளகக் காத்து கதவால உள்ளுக்க வரும், மேல மின்விசிறி. ஸ்ராண்ட் ஒண்டுக்கு உடுப்புக் கிளிப் ரெண்டு.

ஜெனரேற்றர்: கரண்ட் போறது சகஜம், வைக்கத்தான் வேணும். சுவருக்கு அப்பால, காத்துப் போற பக்கம், 30 மீற்றருக்குக் குறையாமல். எங்கட மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். லைற் சோக், அம்பிளிபையர் இரைச்சல் எல்லாம் 100 ஹேர்ட்ஸில இரையும். செல்லோவின்ர ஜி 98. பிள்ளையள் அறியாமலே அந்த இரைச்சலுக்கு ஏறுவினம். பழைய சோக் வைச்ச ரியூப் லைற்றை நிப்பாட்டி எல்ஈடி போடுங்கோ, மஞ்சள் வெளிச்சமா. வெள்ளைக்குப் பூச்சி வரும். புளூட் வாசிக்கிற பிள்ளை மூச்செடுக்கேக்க ஈசல் உள்ள போனால் அந்தக் கச்சேரி அவ்வளவுதான்.

மைக்: 300 பேர் மூடின மண்டபத்துக்குத் தேவையில்லை. கட்டாயம் எண்டால் நடத்துனருக்குப் பின்னால மூண்டு மீற்றர் உயரத்தில கொண்டென்சர் ரெண்டு மட்டும். ஸ்பீக்கர் பெடியனிட்ட "எக்கோ" பொத்தானைத் தொடவேண்டாம் எண்டு முதலே சொல்லுங்கோ, கேக்க மாட்டான், திரும்பவும் சொல்லுங்கோ.

தொடக்கம் பின்னேரம் 4 மணி, இடைவேளை இல்லாமல் ஒரு மணித்தியாலம். பஸ்ஸில வந்தவை இருட்டுக்கு முந்திப் புறப்படவேணும்.

#11 இரண்டாம்வயலின்

நாலு மணி எண்டால் மண்டபம் 32, 33 பாகை. சுருதி நாறப்போகுது. தந்தி வெக்கைக்கு இளகி இறங்கும், ஊதிற வாத்தியம் ஏறும்.

பிருடை (தந்தி முறுக்கிற மர ஆணி) பற்றியும் சொல்லவேணும். மாரியில மரம் ஊதிப் பிருடை இறுகும், செப்ரெம்பரில காய்ஞ்சு வழுக்கும். கரும்பலகைச் சோக்கைப் பூசி, காய்ஞ்ச சவர்க்காரத்தை ஒருக்கா உரசினால் ரெண்டுக்கும் நடுவில நிக்கும். வயலினை மூடின வானுக்குள்ள வெயிலில விடவேண்டாம். உடம்பை ஒட்டியிருக்கிற பசை சூட்டுக்கு இளகும், பலகை விளிம்பில வாய் பிளக்கும். வாசிச்சு முடிஞ்சால் வில்லைத் தளர்த்திறது கட்டாயம்.

#12 பாண்ட்மாஸ்ரர்

எவ்வளவு ஏறும் எண்டு கணக்கோட சொல்லுறன். 20 பாகையில ஒலியின் வேகம் செக்கனுக்கு 343 மீற்றர், 32இல 350. நூற்றுக்கு 2. ஏ சுரம் 440 ஹேர்ட்ஸ் எண்டால் கணக்குப்படி 449. வாசிக்கிறவரின்ர மூச்சு ஏற்கெனவே குழாயைச் சூடாக்கியிருக்கிறதால நடைமுறையில அவ்வளவு வராது, ஆனாலும் 442, 443 வரை போகும்.

ற்றம்பெற்றின்ர பெரிய சிலைட்டை 1 செ.மீ. இழுத்தால் குழாய் 2 செ.மீ. நீளும். மொத்தக் குழாய் 148 செ.மீ. மட்டில, ஆக அரைச்சுரத்தில கால் பங்குக்குக் கிட்ட இறங்கும். கிளாரினெற்றின்ர பரலை (ஊதுவாய்க்குக் கீழ உள்ள துண்டை) 1 அல்லது 2 மி.மீ. இழுங்கோ, அதுக்கு மேல இழுத்தால் நடுச் சுரங்கள் மட்டும் தனியா விழும்.

ஓபோ இல்லாததால சுருதி குடுக்கிறது கிளாரினெற். பத்து நிமிசம் ஊதிச் சூடான பிறகு குடுக்கவேணும், பெட்டியில இருந்து எடுத்தவுடன இல்லை. கீபோட் ஏறவும் மாட்டுது இறங்கவும் மாட்டுது. அதால கீபோட்டின்ர பொதுச் சுருதியைக் கிளாரினெற் நிக்கிற இடத்துக்கு, 442 அல்லது 443க்கு மாத்துங்கோ. பட்டாசு இசை முடிஞ்சவுடன திரும்ப ஒருக்கா எல்லாரும் சுருதி பாக்கவேணும்.

#13 பாலைப்பழம்

'பிரியாவிடை'யை விட மனசில்லை. ஒவ்வொருத்தரா மெழுகுதிரியை நூத்துப்போட்டு எழும்பிப் போறது தானே? எங்கட ஊரில கரண்ட் தானாப் போகும், மெழுகுதிரியும் வீட்டில இருக்கு.

#14 வெண்கோல்

கரண்ட் போற நேரம் பிரதியில எழுதியில்லை, தம்பி.

1772இல ஹைடன் அதை எழுதினதே, வீட்டுக்குப் போக விடாமல் வைச்சிருந்த இளவரசருக்கு வாத்தியக்காரரின்ர ஏக்கத்தைக் காட்டத்தான். கடைசியில போற ஒழுங்கு: முதல் ஓபோவும் ரெண்டாம் ஹோர்னும், பசூன், பிறகு ரெண்டாம் ஓபோவும் முதல் ஹோர்னும், அடுத்து டபுள் பேஸ், செல்லோ, வயலின்காரர், வயோலா. மிச்சம் சத்தம் குறைக்கிற ஊமைப்பூட்டு மாட்டின ரெண்டு வயலின். போறதுக்கு முந்தித் தனியா வாசிக்கிறவையில ஓபோவும் ஹோர்னும்தான் முக்கியம், உங்களிட்ட இல்லாததும் அந்த ரெண்டுதான். தனிச்சு நிக்கிற ரெண்டு வயலினும் ஆறு ஷாப்பில. ரெண்டு வருசம் போகட்டும்.

சனத்தை எழுப்ப வேணும் எண்டால் 'வியப்பு' போதும். அதில எங்க பிழைக்கும் எண்டு சொல்லுறன். முதல் எட்டுப் பார் சத்தம் குறைச்சு, திரும்பும்போது இன்னும் குறைச்சு. 16ஆவது பாரின்ர ரெண்டாவது தட்டில முழுக்குழுவும் இடி. சத்தம் குறை எண்டவுடன வயலின்காரர் எல்லாரும் வில்லின்ர நுனியில போய் ஒதுங்குவினம். இடிக்கு வில்லின்ர அடிப்பக்கம் வேணும். 15ஆவது பாரில இருந்தே வில்லைச் சத்தமில்லாமல் நடுவுக்குக் கொண்டுவரவேணும், 16இன் முதல் தட்டை மேல்வில்லில முடிக்கவேணும், தூக்கி அடியில வைச்சுக் கீழ்வில். பிரதியில இதைக் குறிக்காட்டி 12 பேர் 12 விதமா இழுப்பினம்.

நடத்துனரின்ர பிழை வேற. இடி வருகுது எண்டு கையை ஓங்கினால் சனம் காதைப் பொத்தும். தட்டு இடுப்பளவில, விரலளவில இருக்கவேணும். முதல் தட்டு துள்ளி எழும்பிற வேகத்திலதான் ரெண்டாவதின்ர பலம் தெரியவேணும், உயரத்தில இல்லை. பாஸ் ட்றம் பிள்ளை 15 பார் சும்மா எண்ணிக்கொண்டு நிக்கும். தடியை முதலே தூக்கி வைச்சிருக்க விடாதேங்கோ, முன் வரிசைச் சின்னனுகள் கண்டிடும்.

#15 பிரதிக்காரன்

ஸ்ராண்ட் கணக்கைப் பார்த்ததும் ஒன்று. ஏ4 தனித்தாள்களைச் செலோரேப்பால் ஒட்டாதீர்கள், வெக்கைக்கு ரேப் இளகித் தாள் தாளோடு ஒட்டும். ஏ3 தாளில் இரு பக்கமும் எடுத்து நடுவில் மடித்தால் நான்கு பக்கம் கிடைக்கும். பக்கம் புரட்டும் இடம் வெறுமையில் விழ வேண்டும். விழாவிட்டால் பாதிப் பக்கத்தை வெட்டி இடம் மாற்றி எடுங்கள். ஒரு ஸ்ராண்டில் இருவர் என்றால் புரட்டுவது உள்பக்கத்தில், சனத்துக்குத் தள்ளி இருப்பவர். வெளியே இருப்பவர் வாசிப்பை நிறுத்தக் கூடாது.

வில் குறிகளை (கீழ்வில்லுக்குச் சதுரத் தொப்பி, மேல்வில்லுக்குக் கூர்முனை) முதல் ஒத்திகைக்கு முன்பே முதல் வயலின் தலைவர் ஒரு பிரதியில் இட்டு, அதையே கொப்பி அடியுங்கள். 2பி பென்சில் மட்டும். பேனாவால் எழுதுகிறவர்களிடம் பிரதி கொடுக்காதீர்கள்.

#16 கனகராயன்

எல்லோருக்கும் நன்றி. மார்ச், ஜூலை, செப்ரெம்பர் என்று முடிவு. நிரல் வெண்கோல் அண்ணை சொன்னபடி, பீதோவன் இல்லை. நடத்துனருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது, 16ஆவது பாரைக் காட்டியதும் சரியாகிவிட்டது.

ஒரு கேள்வி மிச்சம். மூன்று மண்டபமும் மார்பிள் அல்லது சீமெந்துத் தரை. செல்லோவின் ஊன்றுகம்பி வழுக்குகிறது.

#17 தேக்கங்காடு

சாக்குப்பட்டி வாங்குங்கோ, ஒண்டரை மீற்றர். ஒரு நுனியைக் கதிரையின்ர முன்கால் ரெண்டையும் சுத்திக் கட்டுங்கோ, மற்ற நுனியில ஒரு இரும்பு வளையம் அல்லது பழைய திறப்பு வளையம். கம்பியின்ர நுனி வளையத்துக்குள்ள. நீளத்தைப் பிள்ளையின்ர காலுக்கேற்ப முடிச்சால சரிசெய்யலாம். அவசரத்துக்குத் தும்புக் கால்மிதியைப் புரட்டிப் போட்டால் பிடிக்கும், ஆனால் கதிரையின்ர முன்கால் ரெண்டும் மிதிக்கு மேல ஏறி நிக்கவேணும், இல்லாட்டி மிதியும் செல்லோவும் சேர்ந்தே நடத்துனரிட்டப் போகும். டபுள் பேஸுக்கும் இதே பட்டி, நீளம் ரெண்டு மீற்றர்.